பள்ளத்தில் நின்ற கோச்சி

"வள்ளத்திலை ஒருநாள் கை வைச்சிருக்கிறியே? நீயோ உவ்வளவு பெரிய இரும்பை நிப்பாட்டப் போறாய்?"

கேளிக்கைப் பூங்காவில் வேலை கிடைத்த கடிதத்தை நான் வீட்டில் வாசித்துக் காட்டிய அன்று பெரியப்பா கேட்ட கேள்வி இது. வாசித்துக் காட்டினேன் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. பொலிகண்டிக் கரையில் எங்கள் வீட்டிலும் பெரியப்பா வீட்டிலும் ஒரு கடிதத்தைத் தொடக்கத்திலிருந்து கையெழுத்து வரை வாசிக்கக்கூடியவள் அப்போது நான் ஒருத்திதான். அப்பா இரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா பள்ளிக்கூடப் படலையைத் தாண்டியதில்லை. அண்ணன்மாரின் படிப்பு இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் போய்விட்டது. பெரியப்பாவின் கடைக்குட்டி சுகந்தி அந்த நாட்களில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் எங்கள் கரைவலைக்குப் பெரியப்பாதான் தண்டையல், தலைவர். அவர் வாய் திறக்காமல் ஒருவரும் கயிற்றில் கை வைப்பதில்லை. வீட்டிலும் அதே சட்டந்தான். அவர் கேட்டு முடித்ததும் கடிதத்தை மடித்து வைத்தேன்.

ஆறு வருடங்களுக்குப் பிறகு அந்த வேலையை விட்டு வந்திருக்கிறேன். பூங்காவின் மேடையில் வேலை செய்யும் பிள்ளைகள் என்னைப் "பென்சன் அக்கா" என்று கேலி செய்கிறார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. என்னுடைய இடத்தில் இப்போது இருக்கும் நிரோஜாதான் இதை எழுதக் கேட்டவள். "அக்கா, அந்தப் பொங்கல் கதையை ஒருக்கா வடிவா எழுதித் தாங்கோ. இஞ்சை ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாச் சொல்லுதுகள்." ஒருவர் சொல்லும் கதையில் கோச்சி தலைகீழாகத் தொங்கியதாம். இன்னொருவர் கதையில் நான் அழுதேனாம். இரண்டும் நடக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் கோச்சியைப் பற்றி. சுன்னாகச் சந்தையிலிருந்து இணுவில் பக்கமாக வந்தால் வாழைத்தோட்டங்களுக்கு மேலாக நீல நிறத்தில் ஓர் இரும்பு வளைவு தெரியும். மற்ற இடங்களில் உள்ள ரோலர் கோஸ்டர் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தைப் பிடிக்கும். எங்களுடையது சுற்றாது. நடுவில் மேடை. மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம், பிறகு ஒரு வளைவு, பிறகு வானத்தைப் பார்த்து நிமிர்ந்த ஏற்றம். அங்கே தண்டவாளம் முடிந்துவிடும். பின்பக்கமும் அதேபோல ஓர் ஏற்றம். மேடைக்குக் கீழே வரிசையாகப் பூட்டிய றப்பர் ரயர்கள் சுழன்று கோச்சியை உந்தும். அது முன் ஏற்றத்தில் ஏறி, ஒரு கணம் அப்படியே நின்று, போன வழியாலேயே பின்புறமாக இறங்கி, மேடையை நிற்காமல் கடந்து பின் ஏற்றத்தில் ஏறி, மறுபடி முன்னால் வந்து மேடையில் நிற்கும். பதினாறு இருக்கைகள். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் ரயிலைக் கோச்சி என்பார்கள். சனங்கள் இதற்குத் "திரும்பு கோச்சி" என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்த இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ், வகுப்பில் மூன்றே மூன்று பெண் பிள்ளைகள். பூங்காவுக்கு வந்த முதல் ஆறு மாதமும் கோச்சிக்குக் கிட்ட விடவில்லை. சின்னப் பிள்ளைகளின் குதிரை ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டேன். பிறகு ஒருநாள் இம்மானுவேல் சேர் வந்து, "நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வாரும். செருப்பு வேண்டாம், சப்பாத்து" என்றார். அவ்வளவுதான் என்னுடைய பதவி உயர்வு.

சேர்தான் பராமரிப்புக்குப் பொறுப்பு. மிசன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களின் பரம்பரை. கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்துவிட்டு வந்தவர். கிறீஸ் படியும் வேலைக்கு வெள்ளை முழுக்கைச் சேட்டோடு வருவார். அந்தச் சேட்டில் ஒரு கறையை நான் ஆறு வருடத்தில் பார்க்கவில்லை. எங்கள் எல்லோரையும் "நீர்" என்பார். சத்தம் போடமாட்டார். கேள்வி கேட்பார். சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்ற வைக்கும் கேள்விகள்.

காலைப் பரிசோதனை இப்படி. தண்டவாளத்தைத் தாங்கும் ஒவ்வொரு ஆணியின் தலையிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு இருக்கும். கோடு ஆணித் தலையில் தொடங்கித் தகட்டில் முடியும். ஆணி கொஞ்சம் கழன்று திரும்பினாலும் கோடு முறிந்து தெரியும். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஏறி நடந்து அத்தனை கோட்டையும் பார்க்க வேண்டும். நான் முதல்முறை தனியாகப் பார்த்துவிட்டு வியர்வையோடு இறங்கி வந்து, "எல்லாக் கோடும் நேராய் இருக்கு சேர்" என்றேன்.

"எந்த ஆணியிலை சந்தேகப்பட்டனீர்?"

"ஒண்டிலையும் இல்லை சேர்."

"ஒண்டிலையும் சந்தேகப்படாமல் இவ்வளவு தூரம் நடந்தனீரெண்டால், நீர் உலாத்திப்போட்டு வந்திருக்கிறீர். திரும்ப ஏறும்."

ஏறினேன். இரண்டாம் முறை வளைவுக்குக் கீழே ஓர் ஆணியில் மழையில் படிந்த தூசி கோட்டை மூடியிருந்ததைக் கண்டேன். துணியால் துடைத்துப் பார்த்தேன். கோடு நேராகத்தான் இருந்தது. இறங்கி வந்து அந்த ஆணியின் இலக்கத்தைச் சொன்னேன். சேர் தலையாட்டினார். கொப்பியில் எழுதச் சொன்னார்.

பிறகு ஆமைப்பூட்டு. எங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆமைப்பூட்டு, பெயர் எழுதியது, ஒரே ஒரு சாவி, நாங்கள் திறப்பு என்போம். தண்டவாளத்தில் யார் ஏறினாலும் முதலில் பிரதான சுவிச்சை அணைத்து அதில் தன்னுடைய பூட்டைப் போட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். ஐந்து பேர் மேலே நின்றால் சுவிச்சில் ஐந்து பூட்டுத் தொங்கும். கடைசி ஆள் இறங்கித் தன் பூட்டைத் திறக்கும்வரை முதலாளியே வந்தாலும் மின்சாரம் கொடுக்க முடியாது. அந்தத் திறப்பைச் சட்டைப் பையில் போடவும் சேர் விடமாட்டார். இடுப்பில் நூலில் கட்ட வேண்டும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கலியாணம் கட்டாமலே உனக்குத் திறப்புக் கோர்வை வந்திட்டுது" என்று சிரித்தார்.

சனங்களை ஏற்றும் வேலையும் சிலநாள் என்னுடையதுதான். மடியில் இறங்கிப் பூட்டும் இரும்புக் கம்பியை ஒவ்வொன்றாகக் கீழே அமத்தி, மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று விழக்கூடிய எல்லாவற்றையும் வாங்கி வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு முதியவர் பல்லுச்செற்றைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி, "கவனம் பிள்ளை, உது வெளிநாட்டிலை கட்டினது" என்று என் கையில் தந்துவிட்டு ஏறினார். திரும்பி வந்ததும் பல்லில்லாத வாயால் ஏதோ சொன்னார். புகழ்ந்தார் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு நாள் நல்லூர்ப் பக்கத்து ஐயா ஒருவர். பெரிய உடம்பு. மடிக்கம்பியில் மூன்று பற்கள் உண்டு. மூன்றாவது பல்லில் விழுந்தால்தான் பூட்டியதாகக் கணக்கு. அவருக்கு இரண்டோடு நின்றுவிட்டது.

"தங்கச்சி, ஒரு சொட்டு அமத்து. இறங்கும்."

"அமத்தினால் உங்களுக்குத்தான் நோகும் ஐயா. மூண்டாவது பல்லுக்கு வரவேணும். இரண்டிலை நிக்குது. நீங்கள் இறங்கத்தான் வேணும்."

"நான் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது ஐயா. எனக்குத் தெரிஞ்சாலும் கம்பிக்குத் தெரியாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் இறங்கி நேரே அலுவலகத்துக்குப் போனார். முகாமையாளர் சேரைக் கூப்பிட்டார். சேர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "எத்தனையாவது பல்லு?" "இரண்டு சேர்." முகாமையாளர் பக்கம் திரும்பி, "இரண்டிலைதான் நிண்டதாம்" என்றார். விசாரணை முடிந்தது. வெளியே வந்த பிறகு என்னிடம் சொன்னார்: "கம்பிக்குத் தெரியாதெண்ட கதை தேவையில்லை. பல்லை மட்டும் சொல்லும்." அந்த ஐயா அடுத்த வருடம் மெலிந்து வந்தார். மூன்றாவது பல் "டக்" என்று விழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்று அவர் இரண்டு தடவை போனார்.

இனிப் பொங்கல் கதை.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். பொலிகண்டியிலிருந்து இரண்டு பஸ் பிடித்துக்கொண்டு எங்கள் கரைவலை ஆட்கள் குடும்பங்களோடு பூங்காவுக்கு வந்திருந்தார்கள். அப்பாவும் பெரியப்பாவும் அவர்களில். நான் வேலை செய்யும் இடத்துக்கு அவர்கள் வந்தது அதுவே முதல்முறை. காலையில் மைதானத்தில் கயிறிழுத்தல் போட்டி. சுன்னாகத்து இளைஞர்கள் நல்ல உடம்புக்காரர்கள். எங்கள் ஆட்களுக்கு முன் ஒரு நிமிடங்கூட நிற்கவில்லை. வென்ற குசியில் கயிற்றையும் தூக்கிக்கொண்டு கோச்சி வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"பெரியப்பா, ஏறுங்கோவன்" என்று மேடையிலிருந்து கூப்பிட்டேன்.

"கடலிலை ஆடுறது காணாதே எனக்கு? நீ உன்ரை வேலையைப் பார்."

சுகந்தி ஏறினாள். பதின்மூன்று வயது. சிநேகிதிகளோடு நாலாவது வரிசையில் இருந்துகொண்டு எனக்குக் கை காட்டினாள். அவளுடைய மடிக்கம்பியை நானே இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுப்பாட்டு மேசைக்குப் போனேன். மின்னழுத்த முள்ளைப் பார்த்து, அது காட்டிய அளவைக் கொப்பியில் எழுதினேன். மேடையின் இரண்டு முனையிலும் நின்றவர்கள் கை உயர்த்தினார்கள். குமிழை அமத்தினேன்.

கோச்சி பாதி நீளம் மேடையை விட்டு வெளியே போயிருக்கும். மின்சாரம் போய்விட்டது. பூங்கா முழுவதும் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. ரயர்களின் இரைச்சல் இடையிலே தாழ்ந்து அடங்கியது. கிடைத்த அரைகுறை வேகத்தோடு கோச்சி பள்ளத்தில் இறங்கி, முன் ஏற்றத்தில் கொஞ்சம் ஏறி, திரும்பி வந்தது. மேடையைப் பிடிக்க வேகம் போதவில்லை. மறுபடி பள்ளம். மறுபடி கொஞ்சம் ஏற்றம். ஆடி ஆடி ஓயும் ஊஞ்சல்போலக் கடைசியில் பள்ளத்தின் அடியில் நின்றுவிட்டது. பதினாறு பேரும் பூட்டிய கம்பிகளுக்குள். ஒருவருக்கும் காயமில்லை. இயந்திரத்தைச் செய்தவர்கள் இப்படி நடக்கலாம் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள். அது நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது.

சேர் பூங்காவின் மறுகோடியில், நீர்ச்சறுக்கின் பம்பியில் வேலையாக இருந்தார். நான் சிவப்புக் குமிழை அமத்தினேன். பிரதான சுவிச்சை அணைத்தேன். ஆமைப்பூட்டைப் போட்டேன். திறப்பு இடுப்பில். ஜெனரேட்டர் எந்தக் கணமும் ஓடத் தொடங்கலாம். இப்போது அது ஓடினாலும் எங்கள் ரயர் சுழலாது. தண்டவாளத்தில் இறுக்கும் இரண்டு இரும்புக் கவ்விகளை எடுத்துக்கொண்டு படியால் இறங்கினேன். கவ்விகளை முன்னும் பின்னும் இறுக்கினால் கோச்சி அசையாது. அதன் பிறகுதான் ஆட்களை இறக்கலாம்.

அப்போதுதான் பார்த்தேன். இருபது, இருபத்தைந்து ஆண்கள் வேலியைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கரையில் ஒரு வள்ளம் மணலில் இறுகி நின்றால் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. யாருடைய வள்ளம் என்றும் கேட்பதில்லை. போகிறவன், வருகிறவன், கலியாணத்துக்கு வெளிக்கிட்டவன்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுப்பான். நின்ற பஸ்ஸுக்கும் அதுதான். கை கொடுக்காமல் நிற்பவன் மனிசனில்லை. அப்படிப்பட்ட ஆட்களுக்கு முன்னால் ஒரு கோச்சி நிற்கிறது. அதற்குள் தங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளத்தின் அடியில் தண்டவாளம் இடுப்பளவு உயரம். தோள் கொடுப்பதற்கென்றே அளந்து வைத்ததுபோல.

எல்லோருக்கும் முன்னால் பெரியப்பா. "சுகந்தி, பயப்பிடாதை! அப்பா வந்திட்டன்! கை குடுங்கோடா எல்லாரும். ரெண்டு தம்மிலை மேடைக்கு ஏத்திப்போடலாம்!"

அவர்களுக்குத் தெரியாத இரண்டு விடயங்கள் எனக்குத் தெரிந்திருந்தன. பஸ்ஸின் சில்லு தெருவின் மேல் மட்டுந்தான் ஓடும். கோச்சிக்குத் தண்டவாளத்தின் மேலே ஒரு சில்லு, பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று. பிடித்துத் தள்ளத் தண்டவாளத்தில் கை வைத்தால், கோச்சி ஒரு சாண் நகர்ந்தாலும் விரல்கள் மிஞ்சாது. மற்றது, அது பள்ளத்தில் சும்மா நிற்கிறது. பதினாறு பேரோடு அதை மேட்டில் ஏற்றி, இடையில் தம் விட்டால், அத்தனை பாரமும் பின்னால் நிற்பவர்களின் நெஞ்சுக்கு வரும்.

"ஒருத்தரும் தொடக்கூடாது! இது பூங்காவின்ரை விதி!" என்று கத்தினேன்.

"விதியை நாளைக்குப் படிப்பம் தங்கச்சி, இப்ப விலகு!" என்று பின்னாலிருந்து ஒருவர். அவர்கள் காதில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை. விதி என்ற சொல்லோடு நான் நின்றிருந்தால் அன்று என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்க விருப்பமில்லை.

பெரியப்பாவின் இடது கை கடைசிச் சில்லுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தைப் பிடித்திருந்தது. அந்தக் கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும், நான் பிறப்பதற்கு முன், வள்ளம் ஏற்றும்போது உருளைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் போனவை. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. நான் அவருக்கும் கோச்சிக்கும் நடுவில் போய் நின்றேன்.

"பெரியப்பா, ரெண்டு விரலை உருளைக்குக் குடுத்தது காணாதே? மிச்சம் எட்டையும் இதுக்குக் குடுக்கப் போறியளோ?"

"எடி பிள்ளை!" என்று அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். பெரியப்பா என்னைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து தண்டவாளத்துக்குக் கீழே பார்த்தார்.

"கீழையும் சில்லு இருக்கடா" என்றார், நிமிராமலே. "கையை எடுங்கோ. எல்லாரும் கையை எடுங்கோ."

இருபத்தைந்து பேரும் கையை எடுத்தார்கள்.

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? பிள்ளை உதுக்குள்ளை இருக்கிறாள்."

"வேலிக்கு அங்காலை நில்லுங்கோ. எனக்குப் பத்து நிமிசம் தாங்கோ. நான் இறக்கித் தாறன்."

அவர் போனார். வேலிக்கு அந்தப் பக்கத்தில் குந்தியிருந்துகொண்டு கண் வெட்டாமல் பார்த்தார். நான் கவ்விகளை இறுக்கினேன். மேடைப் பிள்ளைகள் ஏணியைக் கொண்டுவந்தார்கள். கைப்பிடியால் ஒவ்வொரு மடிக்கம்பியாகத் திறந்து, ஒரு பக்கம் பாரம் சாயாதபடி இரண்டு இரண்டு பேராக இறக்கினோம். பாதியில் சேர் வந்து சேர்ந்தார். ஓடி வந்தவர், வெள்ளைச் சேட்டில் மடிப்புக் குலையாமல். அவர் என்னிடமிருந்து வேலையை வாங்கவில்லை. சுவிச்சில் என் பூட்டை இழுத்துப் பார்த்து, பக்கத்தில் தன்னுடையதையும் போட்டுவிட்டு, ஏணியடியில் நின்று இறங்குகிறவர்களை எண்ணினார். "பதினொண்டு. பன்ரண்டு. காலைப் பார்த்து வையும் தாயே. பதின்மூண்டு."

சுகந்தி இறங்கும்போது என் காதில் கேட்டாள்: "அக்கா, இன்னொருக்கா விடுவினமோ? நாங்கள் பாதிதானே போனனாங்கள்?"

ஆட்கள் இறங்கியாயிற்று. வெறும் கோச்சி பள்ளத்தில். அதை மேடைக்கு ஏற்ற, கயிறு சுற்றி இழுக்கும் ஒரு விஞ்சு வேண்டும். அது கொழும்பிலிருந்து வர மூன்று நாள். பொங்கல் விடுமுறைக்கு வந்த சனம் வரிசையில் நிற்கிறது. சேர் கோச்சியைச் செய்தவர்கள் தந்த தடித்த புத்தகத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் இருந்ததை எங்களுக்குத் தமிழில் வாசித்தார். மெதுவாக, சீராக இழுக்க வேண்டும். ஒரு முழம் ஏறியதும் நிறுத்தி, பின்னால் கவ்வியை இறுக்க வேண்டும். இழுப்பவர்கள் எல்லோரும் முன்னால் மேடையில் நிற்க வேண்டும். பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது.

"சேர், அது கரைவலைதான்" என்றேன்.

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "இழுக்க ஆருக்கும் தெரியும். இவையளுக்கு நிப்பாட்டத் தெரியுமோ?"

"அலை பின்வாங்கேக்கை கயிற்றை விடாமல் நிப்பாட்டுறதுதான் சேர் அவையின்ரை வேலை. இழுக்கிறது மிச்ச நேரத்துக்கு."

சேர் கயிறிழுத்தல் கயிற்றை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இரண்டாக மடித்துக் கட்டச் சொன்னார். மேடை ரயர்களின் பிடியைக் கையாலேயே தளர்த்தினார். பெரியப்பாவைக் கூப்பிட்டு, ஒரு சாண் மட்டும் இழுத்துச் சொன்னவுடன் நிறுத்திக் காட்டும்படி கேட்டார். ஒரு சாண் வந்தது. "காணும்" என்றதும் மரம்போல நின்றது. சேர் தலையாட்டினார். ஆணியின் இலக்கத்தைச் சொன்ன அன்று ஆட்டிய அதே தலையாட்டல்.

கயிற்றின் தலைப்பில் பெரியப்பா. நான் கீழே, பக்கவாட்டில், கவ்வியோடு. இருபத்தைந்து பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தார்கள். பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"சொல்லு பிள்ளை. இண்டைக்கு நீதானே தண்டையல்."

குரலில் நக்கல் இருந்தது. ஆனால் நான் வாய் திறக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. "இழுங்கோ!" என்றேன். பெரியப்பா அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டினார்.

"பொங்கலுக்கு வந்தமெல்லோ!"

"ஏலேலோ!"

"பொல்லாத இரும்பையெல்லோ!"

"ஏலேலோ!"

"காணும்!" என்பேன். நிற்பார்கள். கவ்வியை இறுக்குவேன். மறுபடி. சுன்னாகத்து இளைஞர்கள் வேலியில் ஏறி நின்று ஏலேலோவுக்குக் குரல் கொடுத்தார்கள். கடைசிச் சில்லு மேடையில் ஏறி நின்றதும் பூங்காவே கைதட்டியது. பெரியப்பா நெற்றி வியர்வையை வழித்து உதறிவிட்டுக் கோச்சியை ஒரு தட்டுத் தட்டினார். "உது வள்ளத்தை விடப் பாரம் குறைவு" என்றார்.

அடுத்த நாள் காலை சேர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். நான் நிமிர்ந்து போனேன். உண்மையைச் சொல்வதானால், புகழை எதிர்பார்த்துத்தான் போனேன். மின்னழுத்தத்தைக் கொப்பியில் பார்த்தார். எழுதியிருந்தது. பூட்டுப் போட்ட நேரம் கேட்டார். சொன்னேன்.

"ஏழு நிமிசம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கோச்சி நிண்டதிலை இருந்து முதல் ஆள் இறங்கத் தொடங்கும் வரைக்கும் ஏழு நிமிசம். அதுக்குள்ளை, இருந்த பதினாறு பேரோடை ஆர் கதைச்சது?"

நான் யோசித்தேன். ஒருவருமில்லை.

"கடைசி வரிசையிலை ஒரு அம்மா இருந்தவ. அவவைக் கேட்டனான். என்ன நடந்ததெண்டு தனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டா. நீர் சனத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டீர். அவைக்கு உம்மடை முதுகுதான் தெரிஞ்சது."

அந்தப் பதினாறு பேரில் சுகந்தியும் ஒருத்தி. அவள் இருந்த இடத்திலிருந்து கேட்டதெல்லாம் தகப்பனின் கூச்சலும் என் கத்தலுந்தான். அவள் பயப்படவில்லை என்பது அவளுடைய கெட்டித்தனம். என்னுடையதல்ல.

அந்தக் கிழமை ஏழு நாளும் இருந்து ஒரு தாளில் எழுதினேன். கோச்சி பள்ளத்தில் நின்றால் ஓர் ஆள், யாரென்று காலையிலேயே பெயர் குறித்த ஓர் ஆள், இருப்பவர்களோடு கதைப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. பள்ளத்துக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த நிரந்தரப் படி வேண்டும், ஏணி போதாது. சனம் கூடும் நாட்களில் வேலியோரம் இருவர் நிற்க வேண்டும். அவர்கள் சனத்தைத் துரத்தக்கூடாது. என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். கை கொடுக்க வருகிறவனுக்குக் காரணம் சொன்னால் கையை எடுப்பான். சேர் வாசித்தார். இரண்டு எழுத்துப்பிழை திருத்தினார். என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். மேலே அல்ல. இரண்டு மாதத்தில் படி கட்டினார்கள். இப்போதும் நிற்கிறது, மஞ்சள் நிறத்தில்.

அந்தப் படியைப் பார்த்துத்தான் காப்புறுதிக்காரர் அனுப்பிய பரிசோதகர் என்னைத் தேடினார். கொழும்பிலிருந்து வருகிறவர், தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். இதை யார் கேட்டது என்று விசாரித்தார். சொன்னேன். இந்தப் பக்கங்களுக்குத் தமிழில் எழுதித் தமிழில் விளங்கப்படுத்தக்கூடிய பரிசோதகர் தங்களிடம் இல்லை என்றும், பரீட்சை இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஒன்றரை வருடம் பஸ்ஸிலேயே படித்தேன்.

பரிசோதகர் பரீட்சை முடிவு வந்தபோது சேரிடம் போய்ச் சொன்னேன். "எப்ப போறீர்?" "அடுத்த மாதம் சேர்." "அப்ப பூட்டை ஒப்படைச்சுப்போட்டுப் போம்." கடைசி நாள் காலை நான் தண்டவாளம் பார்த்துவிட்டு இறங்கியபோது அவர் வழக்கத்துக்கு மாறாகப் படியடியில் காத்து நின்றார். "எந்த ஆணி?" என்று கேட்டார். இலக்கத்தைச் சொன்னேன். சிரித்தார். ஆறு வருடத்தில் அவருடைய பற்களை நான் கண்டது அன்றுதான். என் ஆமைப்பூட்டில் இப்போது நிரோஜாவின் பெயர் இருக்கிறது.

புதிய வேலைக் கடிதத்தை இந்த முறை வீட்டில் சுகந்தி வாசித்துக் காட்டினாள். எங்கேயும் தடக்காமல் வாசித்தாள். பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப ஆரின்ரை இரும்பை நிப்பாட்டப் போறாய்?" என்றார்.

"எல்லாரின்ரையும், பெரியப்பா."

"ம். வேலியடியிலை ஆக்களோடை கவனமாய்க் கதை. எல்லாருக்கும் விரல் போயிருக்காது."

போன செவ்வாய்க்கிழமை முதல் பரிசோதனைக்குப் போனேன். கிழக்குக் கரையில் ஒரு பூங்கா. எங்களுடையதை விடச் சின்னக் கோச்சி, அதுவும் போன வழியால் திரும்புவதுதான். முகாமையாளர் வாசலுக்கு வந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சேர் வரேல்லையோ, தங்கச்சி?"

"நான்தான்" என்றேன்.

அவர் அவசரமாக நான் இருக்கக் கதிரை எடுக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லி, சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டு, ஆமைப்பூட்டைக் கேட்டு வாங்கிச் சுவிச்சில் போட்டுவிட்டு ஏறினேன். இறங்கி வரும்போது சந்தேகமான ஆணிகள் மூன்று. அவற்றின் இலக்கங்களை எழுதினேன். பிறகு பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, கொப்பியில் புதிய பக்கத்தைத் திருப்பி, முதல் கேள்வியைக் கேட்டேன்.

"கோச்சி இதிலை நிண்டால், இருக்கிற ஆக்களோடை கதைக்கிறது ஆர்?"

அவர் மேடைப் பக்கம் திரும்பி, அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் பேனையை மூடாமல் நின்றேன்.